மழைக் கொப்பியும் கொழுந்துக் கொப்பியும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மூன்று கொப்பிகள் இருந்தன. ஒன்று ஆபீஸில் இருந்த மழைக் கொப்பி. முற்றத்து மழைமானியில் தேங்கிய தண்ணீரை ஒவ்வொரு நாள் காலையிலும் அளந்து கிளாக்கரையா அதில் எழுதுவார். அடுத்தது கொழுந்துக் கொப்பி. மடுவத்தில் நிறுத்த கொழுந்தின் எடை நாள்வாரியாக, மலைவாரியாக அதில் ஏறும். மூன்றாவது டிஸ்பென்சரியில் இருந்தது. இருமல், காய்ச்சல், வயிற்றோட்டம் என்று வந்தவர்களின் கணக்கு. என் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கொழுந்துக் கொப்பி பல வருடம் அவர் கையில்தான் இருந்தது. மற்ற இரண்டையும் அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அவற்றை எழுதியவர்களும் அப்பாவின் கொப்பியைப் பார்த்ததில்லை. மூன்றும் ஒரே மலையைப் பற்றித்தான் எழுதப்பட்டன. மூன்றும் ஒரே மேசையில் இருந்த நாள் மட்டும் வரவேயில்லை.

விஞ்ஞானத்திலும் இதே கதைதான் நடக்கிறது. வானிலைக்காரர் மழையை எழுதுகிறார், தாவர நோய் ஆய்வாளர் பூஞ்சணத்தை எழுதுகிறார், வைத்தியர் நோயாளியை எழுதுகிறார், வரலாற்றாசிரியர் கப்பலில் வந்தவர்களை எழுதுகிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சஞ்சிகை, தனித்தனிச் சொற்கள், தனித்தனிக் கூட்டம். ஒருவர் எழுதிவைத்ததில் பாதி விடையும் இன்னொருவர் எழுதிவைத்ததில் மீதி விடையும் கிடக்கலாம். அந்த இரண்டு பாதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சேர்ந்து ஏறுகிறதா, சேர்ந்து இறங்குகிறதா, ஒன்று அசைந்த பிறகு மற்றது அசைகிறதா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பதைத்தான் தரவுப் பகுப்பாய்வு என்கிறோம். அதில் வெளிப்படும் ஒழுங்கைக் கோலம் என்று சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் 2, 4, 8, 16 என்று எண் கோலம் படித்திருப்பீர்கள். வாசலில் போடும் கோலத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கொப்பியிலும் புள்ளிகள் மட்டும்தான் இருக்கின்றன. கோடு ஒரு கொப்பியிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுகிறது.

சரி, இரண்டு கொப்பிகளை எப்படிச் சேர்ப்பது? இரண்டிலும் பொதுவாக ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். மழைக் கொப்பியிலும் கொழுந்துக் கொப்பியிலும் திகதி இருக்கிறது. அதுதான் சாவி. ஒரு நாளுக்கு ஒரு வரி. அந்த வரியில் மழை எவ்வளவு, கொழுந்து எவ்வளவு. சில நேரம் சாவி இடமாக இருக்கும்: இந்த டிவிசன், அந்த டிவிசன். சில நேரம் வெறும் சொல்லாக இருக்கும். அதைப் பிறகு சொல்கிறேன், மிகவும் அழகான கதை அது.

சேர்ப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் பாதி நேரம் அதற்கே போய்விடும். பழைய மழைக் கொப்பிகளில் அளவு அங்குலத்தில் இருக்கும். பிறகு மில்லிமீற்றருக்கு மாறிவிடும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். இதைக் கவனிக்காமல் எண்களை அப்படியே கணினியில் ஏற்றினால், ஒரு குறிப்பிட்ட வருடத்திலிருந்து மலைநாட்டில் மழை இருபத்தைந்து மடங்கு கூடிவிட்டதாகத் தெரியும். கொழுந்து இறாத்தலிலிருந்து கிலோவுக்கு மாறியபோது எண் பாதிக்கும் கீழே விழுந்திருக்கும். ஒரு இறாத்தல் 0.45 கிலோதானே. இரண்டையும் ஒன்றாக வரைந்தால், "மழை கூடியது, கொழுந்து சரிந்தது" என்று ஒரு பெரிய கண்டுபிடிப்பு கையில் கிடைத்த மாதிரி இருக்கும். உண்மையில் மாறியது தராசு மட்டும்தான். தீபாவளியன்று கொழுந்து பூச்சியம் என்று இருக்கும். அது வரட்சி இல்லை, லீவு. ஆகவே கொப்பியை எழுதியவர்களிடம், அவர்கள் இல்லாவிட்டால் அவர்களோடு வேலை செய்தவர்களிடம், உட்கார்ந்து கேட்க வேண்டும். கணினிக்கு முன்னால் உட்காருவதற்கு முந்திய வேலை இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது கால இடைவெளி. இன்று பெய்த மழை இன்றைய கொழுந்தைக் கூட்டாது. கொட்டுகிற மழையில் கூடை சீக்கிரம் நிறையாது, குறையவும் செய்யும். ஆனால் மழை பெய்து, பிறகு நல்ல வெயில் அடித்தால், சில கிழமைகள் கழித்து மலை பச்சைப் பசேல் என்று கிளம்பிவிடும். கொழுந்து எடுக்கும் எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார். கணக்கில் இதைப் பிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. மழை எழுதிய பத்தியை ஒரு கிழமை கீழே தள்ளி வையுங்கள், பொருந்துகிறதா பாருங்கள். இரண்டு கிழமை தள்ளுங்கள், மூன்று கிழமை தள்ளுங்கள். எந்த இடத்தில் இரண்டும் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவோ அதுதான் செடி எடுத்துக்கொள்ளும் நேரம். சேர்ந்து போவதை அளக்க ஓர் எண் உண்டு. ஒட்டுறவுக் கெழு என்பார்கள். இரண்டும் ஒன்றாகவே ஏறினால் அது 1க்குப் பக்கத்தில் நிற்கும். ஒன்று ஏற மற்றது இறங்கினால் -1க்குப் பக்கத்தில். சம்பந்தமே இல்லாவிட்டால் பூச்சியத்துக்குப் பக்கத்தில்.

இந்த எண்ணை மட்டும் நம்பினால் கோலம் கண்ணில் படாமலே போகவும் கூடும். நமது மலைநாட்டையே எடுத்துக்கொள்வோம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் முட்டி, ஹட்டன், தலவாக்கலைப் பக்கமெல்லாம் மழையைக் கொட்டிவிடும். மலையைத் தாண்டி இறங்கும்போது அதே காற்று காய்ந்துபோய், பதுளை, பண்டாரவளைப் பக்கம் கச்சானாக வீசும். அந்த வரண்ட காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் பெயர்பெற்ற வாசம் வருகிறது; ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அதற்குத் தனிக் கிராக்கி. ஹட்டன், தலவாக்கலை அடங்கிய திம்புலைப் பக்கத்துக்கோ ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் நல்ல வாசக் காலம். இப்போது இரண்டு பக்கத்தையும் ஒன்றாகப் போட்டு "மலைநாட்டுச் சராசரி" எடுத்தால் என்ன ஆகும்? ஒன்றின் ஏற்றமும் மற்றதன் இறக்கமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். காற்றுக்கும் வாசத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று கணக்குச் சொல்லும். இடத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் அந்தச் சம்பந்தம் தெரியும். வாசத்துக்குக் காரணமான பொருள்களில் ஒன்றான மீதைல் சலிசிலேற்று ஊவாத் தேயிலையில் கூடுதலாக இருப்பதை இரசாயனவியலாளர்கள் அளந்திருக்கிறார்கள். காற்றை எழுதிய கொப்பியும் இரசாயனக் கொப்பியும் ஏல விலைக் கொப்பியும் இங்கே ஒரே கோட்டில் வந்து நிற்கின்றன.

ஒருமுறை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், எங்கம்மா சொல்றாங்க, அட்டை கூடுதலா கடிக்கிற காலத்துலதான் கொழுந்தும் கூடுதலா வருதாம். அப்ப அட்டைக்கும் கொழுந்துக்கும் சம்பந்தம் இருக்கா?" அருமையான கேள்வி. அம்மா பார்த்தது உண்மை. அட்டையை எண்ணி, கொழுந்தை நிறுத்து, ஒட்டுறவு போட்டால் நல்ல எண் வரலாம். ஆனால் அட்டை கொழுந்தை வளர்க்கவில்லை. கொழுந்து அட்டையைக் கூப்பிடவுமில்லை. மழை இரண்டுக்கும் பின்னால் நிற்கிறது. இப்படிப் பின்னால் நிற்கும் மூன்றாவது ஆளைத் தேடுவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. சோதிக்கும் வழியும் இலகுவானது: மழை ஏறக்குறைய ஒரே அளவாக இருந்த கிழமைகளை மட்டும் பிரித்தெடுத்து, அவற்றுக்குள் அட்டையும் கொழுந்தும் சேர்ந்து அசைகின்றனவா என்று பாருங்கள். அசையாவிட்டால் சம்பந்தம் மழையோடுதான்.

இனி, கடலையும் காற்றையும் நமது சொந்த வரலாற்றையும் ஒன்றாகக் கட்டும் ஒரு கதை.

1904இல் இந்தியாவின் வானிலை அவதான நிலையங்களுக்குத் தலைவராக கில்பர்ட் வோக்கர் என்ற ஆங்கிலேயர் வந்தார். அவர் வானிலை படித்தவர் அல்லர், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். பருவமழை பொய்க்கும் வருடத்தை முன்கூட்டியே சொல்ல வழி தேடுவது அவருக்கு வந்த வேலை. இந்தியாவின் மழைக் கணக்கை மட்டும் பார்த்தால் வழி கிடைக்கவில்லை. அதனால் உலகம் முழுவதும் இருந்த அவதான நிலையங்களின் காற்றழுத்தம், வெப்பம், மழை எல்லாவற்றையும் வரவழைத்து, ஒவ்வொன்றையும் மற்றதோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கணினி இல்லாத காலம். குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் கணக்குப் போட்டார்கள், பல வருடங்களாக. அந்த எண்களின் நடுவிலிருந்து ஒரு கோலம் எழுந்து வந்தது. பசிபிக் சமுத்திரத்தில் காற்றழுத்தம் கூடும்போது இந்து சமுத்திரப் பக்கம் குறைகிறது. அங்கே குறையும்போது இங்கே கூடுகிறது. சிறுவர் பூங்காவின் சீசோப் பலகை மாதிரி. அதற்குத் தெற்கு அலைவு என்று பெயர் வைத்தார். ஏன் அப்படி ஆடுகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. பருவமழையை நம்பகமாக முன்கூறவும் முடியாமலே 1924இல் ஓய்வு பெற்றார்.

பெரு நாட்டு மீனவர்களிடம் வேறொரு கொப்பி இருந்தது, மனதுக்குள் எழுதிய கொப்பி. சில வருடங்களில் நத்தார் காலத்தையொட்டி அவர்களுடைய கடல் சூடாகிவிடும், மீன் குறைந்துபோகும். குழந்தை இயேசுவை நினைத்து அதை எல் நினோ என்று அழைத்தார்கள். 1969இல் ஜேக்கப் பியர்க்னஸ் என்ற வானிலை அறிஞர் இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக் காட்டினார்: கிழக்குப் பசிபிக்கின் வெந்நீரும் வோக்கரின் சீசோவும் ஒரே ஆட்டத்தின் இரண்டு பக்கங்கள். கடல் சூடானால் அதன் மேல் வீசும் காற்று தளர்கிறது, காற்று தளர்ந்தால் கடல் இன்னும் சூடாகிறது. வோக்கர் எண்களில் கண்டதற்கு, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து, கடலிலிருந்து காரணம் வந்து சேர்ந்தது. இன்று எல் நினோ வருடங்களில் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை இலங்கையில் வழமையைவிடக் கூடுதலாக மழை பெய்யும் போக்கு இருக்கிறது என்று தெரியும். அதே எல் நினோ இந்தியாவின் தென்மேல் பருவமழையைக் குறைக்கும் போக்கு உடையது.

இந்த இடத்தில்தான் என் அப்பாயி நினைவுக்கு வருகிறார். "தாது வருசத்துல பஞ்சம் தாங்க முடியாம வந்தவங்க நாம" என்று அவர் சொல்லுவார். தாது வருடம் என்பது 1876. அந்த வருடம் சென்னை மாகாணத்தில் பருவமழை பொய்த்தது. 1877இல் மிக வலிமையான ஓர் எல் நினோ உருவானது. 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் இந்தியாவில் 50 இலட்சத்துக்கும் கூடுதலானவர்கள் இறந்தார்கள். அந்த வருடங்களில் இலங்கைக்கு வந்தவர்களின் தொகை மிக உயர்ந்தது. மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து, மலைக்கு ஏறினார்கள். தேயிலைக்கு அல்ல, அப்போது கோப்பிக் காலம். கடலின் வெப்பம் ஒரு கொப்பியில், மழை இன்னொன்றில், பஞ்சச் சாவுகள் வேறொன்றில், வந்திறங்கியவர்களின் கணக்கு மற்றொன்றில். நாலையும் திகதிப்படி அடுக்கினால், பசிபிக் சமுத்திரத்தின் நடுவில் சூடான தண்ணீருக்கும் எங்கள் லயத்துக்கும் நடுவே ஒரு கோடு ஓடுவது தெரியும். இதை முதன்முதலில் புரிந்துகொண்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆனால் கோடு அங்கேயே முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. மழை பொய்த்தது கடலால். சனங்கள் செத்தது கடலால் மட்டும் அல்ல. பஞ்சம் நடந்துகொண்டிருக்கும்போதே தானியம் இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. நிவாரண முகாம்களில் கூலியைக் குறைத்தார்கள். அந்தத் தானிய ஏற்றுமதிக் கொப்பியை மேசையில் வைக்காமல் மற்ற நாலையும் மட்டும் வைத்தால், கணக்கு சரியாகவே இருக்கும், முடிவு பிழையாக இருக்கும். எந்தக் கொப்பி மேசையில் இல்லை என்று கேட்கும் பழக்கம் கணிதத்தைவிட முக்கியம்.

வரட்சி நோயாக மாறிய கதையும் நமது நாட்டிலேயே இருக்கிறது. மழை கூடினால் நுளம்பு கூடும் என்பது பொதுவான எண்ணம். ஆனால் 1934இல் தென்மேல் பருவமழை பொய்த்து, எப்போதும் ஓடும் ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாக நின்றன. அந்தத் தேங்கிய நீர் மலேரியா நுளம்புக்கு வாய்ப்பானது. 1934-35 கொள்ளைநோயில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். ஈர வலயத்தில் மலேரியாவைக் கொண்டுவந்தது மழை இல்லாமை. வைத்தியரின் கொப்பிக்குப் பக்கத்தில் ஆற்று நீர்மட்டக் கொப்பி இருந்தால்தான் இந்தத் தலைகீழ்க் கோலம் விளங்கும்.

தேயிலைக்கே வருவோம். 1946இல் கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது. இளங்கொழுந்தில் வட்டமாக எண்ணெய்ப் புள்ளி விழும், பிறகு இலையின் அடிப்புறம் வெள்ளையாகக் கொப்புளிக்கும். அதை உண்டாக்கும் பூஞ்சணத்தின் வித்தி முளைக்க இலை நனைந்திருக்க வேண்டும். வெயில் பட்டால் வித்தி செத்துவிடும். 1960களில் ஆய்வாளர்கள் இரண்டு கணக்குகளைச் சேர்த்தார்கள்: ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது, காற்றில் எத்தனை வித்திகள் மிதந்தன. இரண்டையும் வைத்து இன்னும் சில கிழமைகளில் நோய் எவ்வளவு வரும் என்று சொல்லும் சமன்பாடு கிடைத்தது. வெயில் மணியை அளக்கும் கருவியைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கண்ணாடி உருண்டை. அது வெயிலைக் குவித்து ஒரு காகித அட்டையில் கோடு சுட்டுவிடும். சுட்ட கோட்டின் நீளம்தான் வெயில். வானிலைக்காரர்கள் தங்கள் தேவைக்கு வைத்த உருண்டை, மருந்து எப்போது அடிக்க வேண்டும், எப்போது அடிக்கத் தேவையில்லை என்று தோட்டத்துக்குச் சொல்லத் தொடங்கியது. வெயில் நன்றாக அடிக்கும் கிழமையில் மருந்து மிச்சம். அதைத் தோளில் சுமந்து அடிக்கும் ஆளின் நெஞ்சுக்கும் மிச்சம்.

இதுவரை சொன்னவற்றில் சாவி திகதி, அல்லது இடம். சொல்லே சாவியாகும் கதைக்கு வருகிறேன். டொன் ஸ்வான்சன் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியராக இருந்தவர். பௌதிகம் படித்து நூலகவியலுக்கு வந்தவர். 1986இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ரேனோ நோய் என்று ஒன்று உண்டு: குளிர் பட்டால் விரல்களின் இரத்தக் குழாய்கள் இறுகி, விரல் வெளுத்து, பிறகு நீலம் பாயும், வலிக்கும். அந்த நோயைப் பற்றிய கட்டுரைகளில், நோயாளிகளின் இரத்தம் தடிப்பாக இருக்கிறது, இரத்தச் சிறுதட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன, குழாய்கள் சுருங்குகின்றன என்று எழுதியிருந்தது. வேறொரு பக்கம், மீன் எண்ணெய் பற்றிய கட்டுரைகள். அது இரத்தத்தின் தடிப்பைக் குறைக்கிறது, சிறுதட்டுகள் ஒட்டுவதைக் குறைக்கிறது என்று அங்கே எழுதியிருந்தது. இந்தக் கூட்டம் அந்தக் கூட்டத்தை வாசிக்கவில்லை. ஒன்றின் கட்டுரையை மற்றது மேற்கோள் காட்டவுமில்லை. இரண்டையும் வாசித்த ஸ்வான்சன், நடுவில் நின்ற பொதுச் சொற்களைப் பிடித்து, "மீன் எண்ணெய் ரேனோ நோய்க்கு உதவக்கூடும்" என்று எழுதினார். அவர் வைத்தியர் அல்லர். ஆய்வுகூடத்தில் காலே வைக்கவில்லை. 1989இல் வைத்தியர்கள் நோயாளிகளிடம் சோதித்து, நோயின் ஒரு வகையினருக்கு மீன் எண்ணெய் உதவியதாக அறிவித்தார்கள்.

இதன் அமைப்பு மிகவும் எளிமையானது. முதலாவது இரண்டாவதோடு சேர்கிறது என்று ஒரு கொப்பி சொல்கிறது. இரண்டாவது மூன்றாவதோடு சேர்கிறது என்று வேறொரு கொப்பி சொல்கிறது. முதலாவதும் மூன்றாவதும் சேருமோ என்று யாரும் கேட்டிருக்கவில்லை. நமது ஊரில் சம்பந்தம் பேசுவது இப்படித்தான் நடக்கும். இரண்டு குடும்பத்தையும் தெரிந்த ஒருவர் நடுவில் இருந்தால் போதும். ஸ்வான்சன் 1988இல் ஒற்றைத் தலைவலிக்கும் மக்னீசியத்துக்கும் நடுவே இதே மாதிரிப் பதினொரு இணைப்புகளைக் காட்டினார். பிறகு நீல் ஸ்மோல்ஹைசர் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, கட்டுரைகளின் தலைப்புகளிலிருந்து இந்த நடுச் சொற்களைத் தேடித் தரும் கணினி நிரலும் செய்தார். இன்று கணினிகள் இலட்சக்கணக்கான கட்டுரைகளில் இதைத் தேடுகின்றன. விதை அதே விதைதான்.

ஸ்வான்சனின் மீன் எண்ணெய்க் கட்டுரைக்கு மூன்று வருடம் முன்னால், 1983இல், எழுத்துகளே சாவியான ஒரு சம்பவமும் நடந்தது. ஒரு புரதத்தின் கூறுகளை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து என்று எழுதுவார்கள். குரங்குக்குப் புற்றுநோய் கொண்டுவரும் ஒரு வைரசின் புரதத்தையும், காயம் ஆறும்போது நமது இரத்தச் சிறுதட்டுகள் விடும் வளர்ச்சிப் புரதத்தையும் எழுத்து எழுத்தாகக் கணினியில் ஒப்பிட்டபோது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. காயம் ஆறுவதும் கட்டி வளர்வதும் உறவுக்காரர்கள் என்பது அன்று தெரிந்தது.

இவ்வளவும் கேட்ட பிறகு கையில் கிடைத்த எல்லாக் கொப்பிகளையும் கணினியில் கொட்டி, "கோலம் இருக்கிறதா தேடு" என்று சொல்ல ஆசை வரும். அங்கேதான் பெரிய குழி இருக்கிறது. இருபது பத்திகள் வைத்திருக்கிறீர்கள் என்று வைப்போம்: மழை, வெயில், கொழுந்து, காய்ச்சல், சந்தையில் போஞ்சி விலை, இப்படி. ஒவ்வொன்றையும் மற்றதோடு ஒப்பிட்டால் 190 சோடிகள் வரும். இருபதில் ஒரு தடவை தற்செயலாக வரக்கூடியதை "சம்பந்தம் இருக்கிறது" என்று ஏற்றுக்கொள்வது பல ஆய்வுகளின் வழக்கம். அப்படியானால் 190இல் ஒன்பது பத்துச் சோடிகள், உண்மையில் எந்தச் சம்பந்தமும் இல்லாமலே, சம்பந்தம் உள்ளவை போலக் கைதூக்கும். அந்தப் பத்தை மட்டும் எடுத்துக் கட்டுரை எழுதி, தேடிய மீதி 180ஐச் சொல்லாமல் விடுவது வாசிப்பவரை ஏமாற்றுவதாகும்.

பெரியவர்களும் இந்தக் குழியில் விழுந்திருக்கிறார்கள். 2008இல் கூகிள் நிறுவனம், மக்கள் இணையத்தில் தேடும் சொற்களை வைத்தே அமெரிக்காவில் இன்புளுவென்சா எவ்வளவு பரவுகிறது என்று சொல்லும் கணிப்பை வெளியிட்டது. 5 கோடி தேடல் சொற்களை, நோய்க் கணக்கின் 1,152 புள்ளிகளோடு பொருத்திப் பார்த்தார்கள். சொற்கள் அவ்வளவு, புள்ளிகள் இவ்வளவு. பள்ளிக்கூடக் கூடைப்பந்தாட்டம் பற்றிய தேடலும் நோயோடு அழகாகப் பொருந்தியது. இரண்டும் குளிர்காலத்தில் வருபவை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட சொற்களைக் கையால் களைந்தார்கள், ஆனாலும் எல்லாம் போகவில்லை. 2012-13 குளிர்காலத்தில் கணிப்பு உண்மையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சொல்லிவிட்டது. அட்டையும் கொழுந்தும் கதைதான், அளவு மட்டும் பெரிது.

இதற்கு ஒரு மருந்து இருக்கிறது, வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது: கொஞ்சத்தை மறைத்து வையுங்கள். பதினைந்து வருடத்துக் கொப்பி இருந்தால் பன்னிரண்டில் கோலத்தைத் தேடுங்கள். மூன்றைத் திறக்கவே வேண்டாம். கோலம் கிடைத்ததும், அந்த மூன்று வருடத்தில் என்ன நடந்திருக்கும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு திறந்து பாருங்கள். தற்செயலாகப் பொருந்தியது பெரும்பாலும் அங்கே உடைந்துவிடும்.

கொப்பியில் ஏறாதவர்களையும் நினைக்க வேண்டும். டிஸ்பென்சரிக் கணக்கில் இருப்பது நோய்பட்டவர்கள் அல்லர், டிஸ்பென்சரிக்கு வந்தவர்கள். கொழுந்து நன்றாக வரும் காலத்தில் பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போய்விடும் என்று காய்ச்சலோடும் மலைக்குப் போன அம்மாக்கள் எத்தனை பேர். அந்த மாதங்களில் நோய் குறைவு என்று கொப்பி சொல்லும். என் அம்மாவும் அப்படிப் போனவர்தான். ஆகவே அந்தக் குறைவான எண்ணை நான் ஒருநாளும் நல்ல செய்தியாக வாசிப்பதில்லை.

நமக்கெல்லாம் உயிரோடு சம்பந்தப்பட்ட கோலம் ஒன்று இருக்கிறது: மழையும் மண்சரிவும். 1980இல் நெல் கெய்ன் என்ற புவியியலாளர், பல நாடுகளில் மண்சரிவைக் கொண்டுவந்த 73 மழைகளின் கணக்கைத் திரட்டி ஒரே படத்தில் புள்ளிகளாக வைத்தார். ஒரு பக்கம் மழை எவ்வளவு நேரம் பெய்தது, மறுபக்கம் எவ்வளவு வேகமாகப் பெய்தது. புள்ளிகளுக்குக் கீழே ஒரு கோடு போட முடிந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே சரிவு இல்லை. கொஞ்ச நேரம் கொட்டும் பேய்மழையும் சரிக்கும், நாள்கணக்கில் நசநசவென்று பெய்யும் மழையும் சரிக்கும் என்பதை அந்த ஒரு கோடு சொல்கிறது. வெவ்வேறு நாடு, வெவ்வேறு மண், இருந்தும் ஒரே வளைவு. நமது நாட்டில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்று படிப்படியாக எச்சரிக்கை விடுவதும் இந்த வகைக் கணக்கில் நிற்பதுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியதை நாம் யாரும் மறக்கவில்லை. மழைக் கணக்கு ஆபீஸில் மட்டும் இருந்தால் போதாது. லயத்துக்குப் பக்கத்தில், யாராவது ஒருவர் கையில், ஒரு போத்தலை வெட்டிச் செய்த மழைமானியாவது இருக்க வேண்டும். அன்றைய எண்ணை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

நீங்களும் தொடங்கலாம். கணினி இருந்தால் ஒரு விரிதாள் போதும். இல்லாவிட்டால் சதுரக் கொப்பி போதும். இரண்டே இரண்டு கணக்குகளை எடுங்கள், இரண்டிலும் திகதி இருக்கட்டும். திகதியை ஒரே முறையில் எழுதுங்கள், அலகை ஒன்றாக்குங்கள், விடுபட்ட நாளைப் பூச்சியம் என்று நிரப்பாமல் வெறுமையாக விடுங்கள். அப்புறம் எந்த எண்ணையும் கணக்கிடுவதற்கு முன்னால் வரைந்து பாருங்கள். கண் பிடிக்கும் கோலத்தை எண் தவறவிடுவது உண்டு. கண் ஏமாறும்போது எண் திருத்துவதும் உண்டு. கிடைத்ததை வயதானவர் ஒருவரிடம் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். "இது எங்களுக்குத் தெரியுமே" என்றால் கணக்கு நல்ல வழியில் போகிறது. "அப்படி இருக்காதே" என்று அவர் தலையாட்டினால் இன்னும் நல்லது, அங்கேதான் தோண்ட வேண்டும்.

அப்பாவின் பெட்டியிலிருந்து பதினைந்து வருடத்துக் கொழுந்துக் கணக்கு கிடைத்தது, ஓரமெல்லாம் ஈரத்தில் கறுத்துப்போய். அதே வருடங்களின் மழைக் கணக்கை ஆபீஸில் கேட்டு வாங்கினோம். பிள்ளைகள் சனிக்கிழமைகளில் வந்து, இறாத்தலைக் கிலோவாக்கி, அங்குலத்தை மில்லிமீற்றராக்கி எழுதுகிறார்கள். கடைசி மூன்று வருடத்துக் கொப்பிகளை, அட்டையைப் பற்றிக் கேட்ட அந்தப் பிள்ளை சிவப்பு நாடாவால் கட்டி அலுமாரிக்குள் வைத்திருக்கிறாள். சாவியும் அவளிடம்தான். தை பிறந்த பிறகுதான் தருவாளாம்.